பிரசவம் பார்க்க வர்ற தங்கச்சிக்கு

நியூ ஜெர்சி,
ஐப்பசி மாசம்.

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். பேத்தி ரெண்டாம் வகுப்பு போறா. ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கும் போறா, போற வழியெல்லாம் முனகிக்கிட்டே. மரத்துல இலை கொட்டிருச்சு, காலையில வெளிய வந்தா வாயில புகை வருது. செல்லூர்ப் பக்கம் மழை எப்படி? வைகையில தண்ணி வந்துச்சா?

உன் சின்ன மகளுக்கு தை முதல் வாரம் பிரசவத்துக்கு நாள் குறிச்சிருக்குன்னு எழுதியிருந்தே. மார்கழி பிறந்து ஒரு வாரத்துக்குள்ள இறங்குற மாதிரி டிக்கெட் போடு. அதுக்கு முன்னாடி வந்தா, பிள்ளை பிறந்த பிறகு கூட இருக்கிற நாள்தான் குறையும். விசா பத்து வருஷத்துக்கு இருக்குங்கிறது வேற கணக்கு. இறங்குற இடத்துல அதிகாரி எத்தனை நாள் தர்றாரோ அதுதான் நீ தங்கலாம், வழக்கமா ஆறு மாசம். ஐ-94னு ஒரு பதிவுல அந்தத் தேதி இருக்கும். வந்த மறுநாளே மாப்பிள்ளையை இணையத்துல எடுத்துப் பார்க்கச் சொல்லு. எதுக்கு வந்தேன்னு கேட்டா, மக பிரசவத்துக்குத் துணைக்கு வந்தேன்னு சொல்லு. "பிள்ளை பாக்குற வேலைக்கு"ன்னு வாய் தவறியும் சொல்லிராதே. வேலைங்கிற சொல்லைக் கேட்டாலே அவங்க கேள்வி நீளும்.

கிளம்புறதுக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே, நீயும் மச்சானும் வந்தா அவரும், டிடாப் ஊசி போட்டுக்கங்க. அது கக்குவான் இருமலுக்கானது. பச்சைப் பிள்ளைக்கு அது வந்தா மூச்சே நின்னு போகும், பிள்ளைக்கு ரெண்டு மாசம் ஆனாத்தான் முதல் ஊசி. குளிர்காலங்கிறதால ஃப்ளூ ஊசியும் போட்டுட்டு வா.

இப்ப, கொண்டு வர்றேன்னு நீ எழுதின லிஸ்ட். பாதியை அடிச்சிரு. புழுங்கலரிசியும் கொண்டைக்கடலையும் இந்தியாவுல இருந்து பயணிகள் பெட்டியில கொண்டு வரவே கூடாது. கப்ரா வண்டுன்னு ஒரு பூச்சிக்குப் பயந்து தடை போட்டிருக்காங்க. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. உப்புக்கண்டம், கோழி, ஆடுன்னு எந்தக் கறியும் ஆகாது. கசகசா இங்க கிடைக்குது. துபாய் வழியாவோ சிங்கப்பூர் வழியாவோ வந்தா அந்த ஊர்ல அது போதைப் பொருள் கணக்கு, ஒரு பொட்டலம்கூட வேணாம். கொப்பரைக்கு விமானத்துலயே இடமில்லை, எண்ணெய் இருக்கிறதால தீப்பிடிக்கும்னு எடுத்துருவாங்க. சாப்பாட்டுப் பொருள் இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொல்லிரு. சொன்னா, ஆகாததை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டு அனுப்பிருவாங்க. மறைச்சாத்தான் அபராதம்.

கொண்டு வர வேண்டியது கொஞ்சந்தான். கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில சுக்கு 50 கிராம், மிளகு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம், சீரகம் எல்லாம் 25 கிராம், சித்தரத்தை 10 கிராம் வாங்கு. தனித்தனியா இளம் சூட்டுல வறுத்து, ஆறின பிறகு அரைச்சு, மெல்லிய துணியில சலிச்சுக்க. கண்டந்திப்பிலி நார் நாரா இருக்கும், சலிக்காட்டி தொண்டையில குத்தும். லேகியமாவே கிண்டி எடுத்துட்டு வராதே, நெய்யும் நல்லெண்ணெயும் ஒழுகி பெட்டித் துணியெல்லாம் நாசமாகும். பொடியா வந்தாப் போதும், மேல இங்கிலீஷ்ல பேர் எழுதி ஒட்டு. பேர் இல்லாத பொடியைப் பார்த்தா அவங்களுக்குச் சந்தேகம் வருமா வராதா?

கருப்பட்டி ரெண்டு கிலோ கொண்டு வா. இந்தியக் கடையில வெல்லம் கிடைக்கும், நல்ல பனங்கருப்பட்டிக்கு அலையணும். கிண்டும்போது அரைக் கிலோவைத் தண்ணியில கரைச்சு வடிகட்டு, அடியில மணல் நிக்கும். கம்பிப் பதம் வந்ததும் தீயைக் குறைச்சிட்டுப் பொடியைத் தூவு. கொதிக்கிற பாகுல கொட்டினா கட்டி கட்டியாயிரும். அப்புறம் நெய்யும் நல்லெண்ணெயும் நூறு நூறு மில்லி, கொஞ்சங் கொஞ்சமா. கையில ஒட்டாம உருண்டு வந்தா இறக்கு. இன்னும் ரெண்டு நிமிஷம்னு நின்னா ஆறினதும் கல்லு மாதிரி ஆயிரும். சின்னவளுக்கு பிரஷர் மாத்திரை ஏதாவது ஓடுச்சுன்னா டாக்டரைக் கேட்டுட்டுக் கொடு.

பழைய சுங்குடிச் சேலை நாலு எடுத்து வை, ஏந்தவும் துடைக்கவும் அதைவிட நல்ல துணி கிடையாது. மிக்ஸி வேணாம். நம்ம ஊர் 230 வோல்ட், இங்க 120. நம்ம மிக்ஸி இங்க முக்கிக்கிட்டுத்தான் ஓடும்.

பால்சுறாப் புட்டு செய்யணும்னு எழுதியிருந்தே. விட்டுரு. சுறாவுல பாதரசம் அதிகம், பால் கொடுக்கிறவங்க சாப்பிடக் கூடாதுன்னு இந்த நாட்டு அரசாங்கமே பட்டியல்ல போட்டிருக்கு. பூண்டுக் குழம்பு போதும், சால்மன் மீன் நல்லாவே கிடைக்குது. தண்ணி அதிகம் குடிக்காதேன்னு நம்ம பக்கம் சொல்றது இங்க செல்லாது. ஆஸ்பத்திரியிலயே பெரிய குவளையைக் கையில கொடுத்துக் குடி குடின்னுதான் சொல்வாங்க, அதுல தப்பும் இல்லை.

வீட்டுல ரெண்டு விஷயம். தாளிக்கிறதுக்கு முன்னாடி ஜன்னலைத் திற. வரமிளகாய் கருகினா புகை மணி ஊரையே கூட்டும், அடுக்கு மாடின்னா தீயணைப்பு வண்டியும் வந்து நிக்கும். அதனால சாம்பிராணிக்கு இங்க இடமில்லை, பிள்ளை நெஞ்சுக்கும் ஆகாது. இன்னொண்ணு குளியலறை. தரையில தண்ணி போக ஓட்டையே கிடையாது. வாளியை வச்சு மொண்டு ஊத்தினா கீழ்வீட்டுக் கூரையில ஒழுகும். எது செஞ்சாலும் தொட்டிக்குள்ளதான்.

பிள்ளைக்குத் தொப்புள்கொடி விழுற வரைக்கும் துணியை நனைச்சுத் துடைக்கிறதோட சரி, ஒண்ணுல இருந்து மூணு வாரம் ஆகும். அப்புறம் தொட்டிக்குள்ள ரப்பர் விரிப்புப் போட்டு, நீ உள்ள உட்கார்ந்து, நம்ம வழக்கப்படி காலை நீட்டிப் போட்டுக்கலாம். விரிப்பு இல்லாம எண்ணெய்க் கையோட இறங்காதே. மூக்கை ஊதுறது, காதுல எண்ணெய் விடுறது, மார்க்காம்பை அமுக்கிப் பால் எடுக்கிறது மூணும் கூடாது. தேங்காயெண்ணெய் இந்தக் குளிருக்கு உறைஞ்சிரும், பாட்டிலை வெந்நீர்ல வச்சு எடு.

சேனை வைக்கிறதைப் பத்தி மச்சினி கேட்டாங்கன்னு எழுதியிருந்தே. தேன் ஒரு வயசு வரைக்கும் நாக்குல படவே கூடாது, அதுல இருக்கிற ஒரு கிருமி சின்னப் பிள்ளை உடம்பையே முடக்கிரும். சர்க்கரைத் தண்ணி, வெறும் தண்ணிகூட ஆறு மாசத்துக்கு இல்லை. வசம்பை உணவுல சேர்க்கவே இங்க தடை. மையில ஈயம் இருக்கும்னு அதையும் விடமாட்டாங்க. திருஷ்டிப் பொட்டு வைக்காம மனசு கேக்காதுன்னா உள்ளங்கால்ல குங்குமம் வை. அரைஞாண் கயிறு பரவாயில்லை, கழுத்துல மட்டும் எதுவும் வேணாம். தொட்டில் கட்ட உத்தரமும் கிடையாது. கூரைங்கிறது வெறும் அட்டைப் பலகை, கொக்கி போட்டாப் பேத்துக்கிட்டு வந்துரும். தட்டையான கட்டில்ல, மல்லாக்க, தலகாணி போர்வை எதுவும் இல்லாமத்தான் தூங்க வைக்கணும். எனக்கும் இது மனசுக்கு ஒப்பலைதான், ஆனா தூக்கத்துல போற பிள்ளைங்க இதனாலதான் குறைஞ்சுச்சுன்னு சொல்றாங்க, வாதாட முடியலை.

கார் சீட் இல்லாம ஆஸ்பத்திரியில இருந்து பிள்ளையோட கிளம்ப முடியாது. மடியில வச்சுக்கிறேன்னு நீ சொன்னாலும் நடக்காது. பின்பக்கம் பார்த்த மாதிரி மாட்டணும், நெஞ்சுக் கிளிப் அக்குள் மட்டத்துக்கு இருக்கணும். குளிருக்குப் பயந்து புசுபுசுன்னு இருக்கிற கோட்டைப் போட்டு வாரைப் பூட்டினா, உள்ள வார் தளர்வாத்தான் இருக்கும். முதல்ல வாரை இறுக்கு, மேல போர்வையைப் போடு.

முதல் வாரத்துல பிள்ளை எடை கொஞ்சம் குறையும், ரெண்டு வாரத்துல ஏறிரும். அஞ்சாம் நாளுக்கு மேல நாளைக்கு ஆறு தடவையாவது ஈரம் பண்ணினா பால் பத்துதுன்னு அர்த்தம். அதுக்குள்ள "பால் பத்தலை"ன்னு சின்னவ காதுல போட்டுறாதே. மஞ்சக்காமாலை தெரிஞ்சா ஜன்னலோர வெயில்ல காட்டிக்கிட்டு இருக்காம டாக்டர்கிட்ட போங்க. மூணு மாசத்துக்குள்ள 100.4 டிகிரி காய்ச்சல்னா நடு ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிதான்.

பேர் விஷயம் முக்கியம். முப்பதாம் நாள் பேர் வைக்கிறதுங்கிறது நம்ம கணக்கு. இங்க ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புறதுக்குள்ள பிறப்புச் சான்றிதழுக்குப் பேர் கேட்பாங்க, அதோட சேர்த்துத்தான் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கும் (நம்ம ஆதார் மாதிரி) எழுதிக் கொடுக்கிறது. ஆண்பிள்ளைக்கு ஒண்ணு, பெண்பிள்ளைக்கு ஒண்ணு, ஜாதகத்துக்கு எழுத்து மாறினா இன்னொண்ணுன்னு இப்பவே முடிவு பண்ணச் சொல்லு. கடைசிப் பேர் என்னங்கிறதையும் சேர்த்து. நம்ம வீட்டுல முன்னெழுத்துத்தானே, இவங்களுக்குப் புரியாது. பிறகு மாத்தணும்னா அலைச்சல்.

அழகர்கோவில்ல முடி எடுக்க சித்திரையிலயே வரணும்னு மச்சான் சொல்றாராம். பிள்ளை பாஸ்போர்ட்டுக்கு அம்மா அப்பா ரெண்டு பேரும் நேர்ல நிக்கணும், அதுக்கு மேல இந்திய விசா வேற. ஆறு மாசம் முடிஞ்சா பயணத்துக்குன்னு தட்டம்மை ஊசியை முன்கூட்டியே போடுவாங்க, சித்திரைன்னா அதுவும் கிடையாது. ஆடி முடிஞ்சு ஆவணின்னு அவர்கிட்ட பேசிப் பாரு. இடது கையில பிசிஜிங்கிற காசநோய்த் தடுப்பூசித் தழும்பு எங்கேன்னு அங்க எல்லாரும் கேட்பாங்க. இங்க அந்த ஊசி வழக்கமாப் போடுறதில்லை.

கம்பளி கோட்டு, பூட்ஸ் எதுவும் வாங்காதே, டவுன்ஹால் ரோட்டுக் கோட்டு இந்தக் குளிருக்கு நிக்காது. எங்கிட்ட ரெண்டு இருக்கு. உன் மாத்திரைகளை மட்டும் ஆறு மாசத்துக்கு, சீட்டோட, அட்டையைப் பிரிக்காம கைப்பையில வை.

டிக்கெட் போட்டதும் தேதி எழுது. கருப்பட்டியில ஒரு கிலோ எனக்கு, சின்னவ வீட்டுக்கு வர்றப்ப வாங்கிக்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா