முன்னாள் உரிமையாளரின் கடனை எங்களிடம் கேட்பது பற்றிய புகார்

அனுப்புநர்:
வீட்டு உரிமையாளர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பெறுநர்:
மேலாளர், கடன் வசூல் நிறுவனம், டர்பன்

பொருள்: எங்களுக்குச் சம்பந்தமில்லாத கடனைக் கேட்டு மிரட்டுவதை நிறுத்தக் கோருதல்

ஐயா,

வணக்கம். கடந்த ஆண்டு நானும் என் கணவரும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீடு வாங்கினோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப்பதிவு அலுவலகத்தில் அது எங்கள் பெயருக்குப் பதிவாகிவிட்டது. வீட்டை விற்றவர் ஒரு ஃபர்னிச்சர் கடையிலும் ஒரு துணிக்கடையிலும் தவணைக்குப் பொருள் வாங்கிவிட்டுப் பாக்கி வைத்திருக்கிறார். அதை வசூலிக்கும் வேலை உங்களிடம் வந்திருக்கிறது. நீங்களோ அவரைத் தேடாமல் எங்களைத் துரத்துகிறீர்கள்.

முதலில் கடிதங்கள் வந்தன. அவர் பெயருக்கு வந்தவை என்பதால் பிரிக்காமல், ‘இந்த முகவரியில் இல்லை’ என்று எழுதித் தபாலிலேயே திருப்பி அனுப்பினேன். அப்புறம் என் கைபேசிக்கே அழைப்பு வந்தது. வீடு கைமாறிவிட்டது என்று உங்கள் ஊழியரிடம் பொறுமையாகத்தான் சொன்னேன். அதற்கு அவர், “வீட்டை வாங்கினால் கடனும் கூடவே வரும். முனிசிபாலிட்டி பாக்கி வருவதில்லையா, அதே மாதிரிதான்” என்றார்.

அவர் சொன்னது முழுத் தவறு. முனிசிபாலிட்டி பாக்கிக்கே அந்த நிலைமை இல்லை. நம் தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டு முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டம், 118-ஆவது பிரிவைப் பாருங்கள். தண்ணீர், கரண்ட், வீட்டு வரி எல்லாவற்றிலும் கடைசி இரண்டு வருடத்துப் பாக்கி தீர்ந்தது என்ற சான்றிதழ் இல்லாமல் வீட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்றவே முடியாது. எங்கள் வக்கீல் அந்தச் சான்றிதழை வாங்கிய பிறகுதான் பதிவு நடந்தது. அதற்கும் முந்தைய பழைய பாக்கி இருந்தால்? அது சொத்தின் மீதான பொறுப்பு, வீட்டை அடமானமாக வைத்துக் கடன் (பாண்டு) கொடுத்த வங்கிக்கும் முன்னால் நிற்கும் என்று அதே பிரிவு சொல்கிறது. அதை வைத்து முனிசிபாலிட்டிகள் புதிய உரிமையாளர்களிடம் பணம் கேட்டு வந்தன. 2017 ஆகஸ்ட் 29 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியது: வீடு புதியவர் பெயருக்கு மாறிய பிறகு அந்தப் பொறுப்பு அவரைத் தொடராது. சட்டமே சொத்தோடு கட்டிவைத்த கடனுக்கே இதுதான் தீர்ப்பு என்றால், ஒரு மனிதர் தன் கையெழுத்தைப் போட்டு வாங்கிய சோபாவுக்கும் சட்டைக்கும் நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்? அந்தப் பொருள்களும் இங்கே இல்லை. வீடு எங்கள் கைக்கு வந்தபோது காலியாக இருந்தது.

இன்னொன்றும் என் மனதை உறுத்துகிறது. முன்னாள் உரிமையாளர் எந்தக் கடையில் என்ன வாங்கினார், எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் உங்கள் ஊழியர் என்னிடம் வாசித்துக் காட்டினார். அது எனக்குத் தெரிந்திருக்கவே கூடாது. கடன்பட்டவருக்கும் மானம் உண்டு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அவருக்கும் பொருந்தும், என் நம்பரை எங்கிருந்தோ எடுத்தீர்களே, எனக்கும் பொருந்தும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் உங்கள் ஆள் ஒருவர் வீட்டுக்கே வந்து, தான் ஷெரிஃப் (நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் அதிகாரி) அலுவலகத்திலிருந்து வருவதாகவும், பணம் கட்டாவிட்டால் லாரி வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போகும் என்றும் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நிறவெறி ஆட்சிக் காலத்தில், அறுபதுகளில், டர்பன் முனிசிபாலிட்டியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸிலிருந்து எங்கள் குடும்பத்தைக் கிளப்பி, பாத்திரம் பண்டத்தோடு லாரியில் ஏற்றிச் சாட்ஸ்வொர்த்தில் இறக்கிவிட்டபோது என் அம்மா சின்னப் பிள்ளை. அவரிடம் போய் லாரி வரும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அன்றிலிருந்து யாராவது கேட்டைத் தட்டினால் கதவைத் திறக்கப் பயப்படுகிறார்.

நீதிமன்றத் தீர்ப்பும் ஜப்தி வாரண்டும் இல்லாமல் யாரும் வந்து பொருளைத் தூக்க முடியாது, அப்போதும் அது ஷெரிஃப் செய்யும் வேலை. வசூல் செய்பவர் தன்னை ஷெரிஃப் என்று காட்டிக்கொள்வதும் மிரட்டுவதும் முறைகேடு என்று 1998-ஆம் ஆண்டின் கடன் வசூலிப்பாளர் சட்டமே சொல்கிறது. நீங்கள் பதிவு பெற்றுத் தொழில் நடத்துவது அந்தச் சட்டத்தின் கீழ்தான்.

எனவே நான் கேட்பது இவை. எங்கள் முகவரியையும் என் நம்பரையும் அந்தக் கணக்கிலிருந்து நீக்குங்கள். என் நம்பர் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லுங்கள். எங்கள் பெயரில் எந்தக் கடனும் இல்லை என்று எழுத்தில் கொடுங்கள், கடன் பாக்கி விவரங்களைப் பதிந்து வைக்கும் கிரெடிட் பீரோவுக்கு எங்கள் பெயர் போயிருந்தால் உங்கள் செலவில் சரிசெய்யுங்கள். வீட்டுக்கு வந்தவர் யார், அவர் பதிவு பெற்றவர்தானா என்று தெரிவியுங்கள். என் அம்மாவுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் வேண்டும், தமிழில், அவரே படிக்கிற மாதிரி.

முன்னாள் உரிமையாளர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் உங்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை எனக்கில்லை.

இந்த மாத இறுதிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இந்தக் கடிதத்தின் பிரதி கடன் வசூலிப்பாளர் கவுன்சிலுக்கும் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் போகும். பத்திரத்தின் நகலை இணைத்திருக்கிறேன். போனில் இனி பேசமாட்டேன், பதிலைத் தபாலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்
சாட்ஸ்வொர்த்

இணைப்பு: வீட்டுப் பத்திர நகல்