மைனஸ் 48-ஐ மட்டும் வைத்து எழுதாதே

கோத்தகிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நிலாவுக்கு,

நிலக்கரி அடுக்கில் தோண்டிய முதல் வாயுக் கிணற்று மீத்தேனின் கார்பன் டெல்டா (கனமான கார்பன்-13 ஒரு பொதுத் தரத்தைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு கூட அல்லது குறைவு என்ற எண்) மைனஸ் 48 வந்திருக்கிறது, 'வெப்பத்தால் விளைந்த வாயு' என்று அறிக்கையில் எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு எழுதாதே, அந்த வரி காலியாகவே இருக்கட்டும்.

மைனஸ் 60-க்குக் கீழே நுண்ணுயிர் செய்த வாயு, மைனஸ் 50-க்கு மேலே கரி சூடாகி விளைந்த வெப்ப வாயு, நடுவில் கலப்பு என்று பாடத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். நிலக்கரியில் அந்தக் கோடு காலை வாரிவிடும். நுண்ணுயிர்கள் இலேசான கார்பன்-12 உள்ள கார்பன் டை ஆக்சைடைத்தான் முதலில் தின்னும். புதுத் தண்ணீர் வராத சீமில் (கரி அடுக்கில்) மிச்சமிருப்பது வரவரக் கனமாகும். அதிலிருந்து பிறகு உண்டாகும் மீத்தேனும் கனமாகும். கடைசியில் அசல் நுண்ணுயிர் வாயுவே மைனஸ் 48-இல் வந்து நின்று வெப்ப வாயு வேஷம் போடும்.

அதனால் கூட வரும் கார்பன் டை ஆக்சைடையும் அளக்கச் சொல். இரண்டு டெல்டாவோடும் ஆயிரத்தைக் கூட்டி, கார்பன் டை ஆக்சைடு எண்ணை மீத்தேன் எண்ணால் வகுத்தால் ஆல்பா, அதாவது இரண்டுக்கும் நடுவே கார்பன் எவ்வளவு பிரிந்திருக்கிறது என்ற அளவு. கார்பன் டை ஆக்சைடு பிளஸ் 18 என்று வைத்துக்கொள்: 1018-ஐ 952-ஆல் வகுக்க 1.069. சுமார் 1.055-இலிருந்து 1.09 வரை கார்பன் டை ஆக்சைடை ஒடுக்கும் நுண்ணுயிர்களின் எல்லை. அதுவே மைனஸ் 12 என்றால் 988-ஐ 952-ஆல் வகுக்க 1.038. அப்போது வெப்பம் என்ற பேச்சை எடுக்கலாம். மீத்தேன் எண் இரண்டிலும் ஒன்றுதான், பார்த்துக்கொள்.

வாயுவில் கார்பன் டை ஆக்சைடு மிகக் குறைவாக இருந்தால் கிணற்றுத் தண்ணீரில் கரைந்த கனிமக் கார்பனை அளப்பார்கள். அந்த எண்ணை அப்படியே சூத்திரத்தில் போடாதே. கரைந்த கார்பனில் பெரும்பங்கு பைகார்பனேட்; 25 டிகிரியில் அது கார்பன் டை ஆக்சைடு வாயுவைவிட ஏறக்குறைய 8 பெர்மில் (ஆயிரத்தில் எட்டு) கனம். கழிக்காமல் போட்டால் ஆல்பா 0.008 அளவுக்குப் பொய்யாக ஏறும். சூடு கூடக்கூட இந்த வித்தியாசம் குறையும், ஆகவே சீமின் வெப்பநிலையையும் குறித்து வை. கரைந்த கார்பன் பிளஸ் 10-க்கு மேல் போய், சல்பேட்டும் அநேகமாக இல்லையென்றால் மீத்தேன் நுண்ணுயிர்கள் அங்கே வேலை செய்ததற்கு அது நல்ல சாட்சி.

அந்தத் தண்ணீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, மேலே காற்று இடம் துளியும் இல்லாமல் குப்பியை நிரப்பு. நுண்ணுயிரைக் கொல்ல பென்சால்கோனியம் குளோரைடு போதும். மெர்குரிக் குளோரைடும் வேலை செய்யும், ஆனால் கொடிய விஷம். உலோகத்துக்கு எடுக்கும் மாதிரியைப் போல நினைத்து இதில் அமிலம் விட்டுவிடாதே, அளக்க வேண்டிய கார்பன் முழுக்க வாயுவாகப் பறந்துவிடும். பிறகு 4 டிகிரியில் வை.

வாயு மாதிரிக்கு, கண்ணாடிக் குப்பியைத் தண்ணீருக்குள் கவிழ்த்துப் பிடித்து, வாயு தண்ணீரை வெளியே தள்ளும்படி நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே கெட்டியான பியூட்டைல் ரப்பர் அடைப்பான் போட்டு அலுமினிய மூடியை இறுக்கு. கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டுவை, கொல்லி மருந்தும் சேர்த்துத்தான். குப்பியைத் தலைகீழாகவே வைத்திருந்தால் அந்தத் தண்ணீர் அடைப்பானை மூடிக் கசிவைத் தடுக்கும்.

மீத்தேனில் டியூட்டீரியமும் (கன ஹைட்ரஜன்) அளக்கச் சொல், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதே. கார்பன் டை ஆக்சைடு வழியில் ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்து வருவதால், தண்ணீரின் டியூட்டீரியம் டெல்டா மைனஸ் 40 என்றால் மீத்தேன் மைனஸ் 200 பக்கம் வரும். வெப்ப வாயுவும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். நுண்ணுயிர் அசிட்டேட்டை உடைத்து மீத்தேன் செய்யும் வழியைப் பிரிக்கத்தான் அது உதவும், அது மைனஸ் 250-க்கும் கீழே இறங்கும்.

மீத்தேனை ஈத்தேன், புரோப்பேன் கூட்டுத்தொகையால் வகுத்து ஆயிரத்துக்கு மேல் வந்தால் நுண்ணுயிர் என்பார்கள். நிலக்கரி ஈத்தேனை மீத்தேனைவிட இறுக்கிப் பிடிக்கும், ஆகவே உற்பத்தி தொடங்கிய காலத்து வாயு உலர்வாகவே (ஈத்தேன், புரோப்பேன் மிகக் குறைவாக) வரும். நன்றாக முற்றிய கரியும் உலர் வாயுவைத்தான் தரும். போதாததற்குச் சில நுண்ணுயிர்கள் புரோப்பேனைத் தின்றுவிடும். விகிதத்தைவிட ஈத்தேனின் சொந்த கார்பன் டெல்டாவை நான் நம்புவேன். நுண்ணுயிர்கள் ஈத்தேனை அநேகமாகச் செய்வதில்லை. அது மைனஸ் 28 என்று வந்தால் வெப்ப வாயு சீமில் இருக்கிறது, எவ்வளவு என்பதுதான் மிச்சக் கேள்வி. கருவி வரையும் கோட்டில் மீத்தேன் சிகரம் பெரிது, ஈத்தேன் சிறிது, ஒரே ஊசியளவு மாதிரியில் இரண்டையும் ஓட்டாமல் தனித்தனியாக ஓட்டச் சொல்.

உன் தாமோதர் பள்ளத்தாக்குக் கரி பெரும்பாலும் முற்றியது, வெப்ப வாயு உண்டாகும் நிலையைத் தாண்டியது. அந்தச் சூட்டில் செத்த சீம், மேலெழுந்து ஆறியபின் மழைநீர் இறங்கியதால் திரும்ப நுண்ணுயிர் குடியேறியிருக்கலாம். இரண்டும் கலந்திருக்கும் என்றே ஆரம்பி. விட்ரினைட் பிரதிபலிப்பு எண் (கரி எவ்வளவு முற்றியது என்பதன் அளவு) இல்லாத அறிக்கையை நான் படிக்கக்கூட மாட்டேன்.

கரித்துண்டை அடைத்த கேனிஸ்டரில் முதலில் வெளியேறும் வாயு இலேசு, கடைசியில் வருவது கனம். தொடக்கம், நடு, முடிவு என மூன்று தடவையாவது எடு. கரி ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், ஆகவே ஆக்சிஜன் இல்லை என்பதால் காற்று கலக்கவில்லை என்று ஆகாது. நைட்ரஜனைப் பார்.

ரேடியோகார்பனுக்குப் பணம் கட்டாதே. நுண்ணுயிர் நேற்றே செய்த மீத்தேனாக இருந்தாலும் தீனி பழைய கரி, அதில் கார்பன்-14 இல்லை. மேலே உள்ள சதுப்பு வாயு கலந்ததா என்று சந்தேகம் வந்தால் மட்டும் அது பயன்படும்.

சதுப்பு என்றதும் நினைவு வருகிறது. நம் நீலகிரியில் சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே இருக்கும் பீட் படிவில் (பாதி மட்கிய தாவரப் படிவில்) தீனியே மாறும். 1993-இல் சுகுமார், ரமேஷ் குழுவினர் நேச்சர் இதழில் காட்டியபடி, வறண்ட பனியுகக் காலத்து அடுக்கில் சி4 புல் அதிகம், ஈரமான காலத்து அடுக்கில் சி3 தாவரம் (இரண்டும் ஒளிச்சேர்க்கை செய்யும் முறை வேறு). முன்னது மைனஸ் 13 பக்கம், பின்னது மைனஸ் 27 பக்கம். இந்த வித்தியாசம் அங்கே உண்டாகும் மீத்தேனிலும் தொடரும். உன் பெர்மியன் காலத்து (25 கோடி ஆண்டுக்கும் முந்தைய) கரி சி4 புல் தோன்றும் முன்பே புதைந்தது, அந்தத் தொல்லை உனக்கில்லை.

முதல் கார்பன் டை ஆக்சைடு எண்கள் வந்ததும் அனுப்பு. கிணற்றின் ஆழம், வெப்பநிலை, பம்ப் ஓடத் தொடங்கிய தேதி மூன்றையும் சேர்த்தே அனுப்பு.

அன்புடன்,
அம்மா