ரெண்டு எர்த்து

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுறேன். நான் சௌக்கியம். முட்டி வலி அப்படியேதான். சின்னத்தை வந்து நாலு நாள் இருந்துட்டுப் போனா. ஐப்பசி மழை விடாம பெய்யுது, கொல்லைச் சுவர் ஊறிக் கிடக்கு. அதை அப்புறம் எழுதுறேன்.

போன் போட்டா "வேலையில இருக்கேன்மா, அப்புறம் பேசுறேன்"ங்கிற. மூணு வாரமா அந்த அப்புறம் வரலை. அதான் கடுதாசி.

மருமக அனுப்பின வீடியோவைப் பத்துத் தரம் பார்த்துட்டேன். ஓசூர்ல உனக்குன்னு ஒரு வெல்டிங் ஷெட்டு. மெஷினுக்கு மாலை, வாசல்ல பூசணிக்காய். துவாக்குடியில அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் ஓலைக் கொட்டாய்தான். பெரியப்பா கிட்டயும் காட்டினேன். "இருபத்திரண்டு வயசுல 6ஜி வெல்டிங் டெஸ்ட் பாஸ் பண்ணினவன் கையில்ல"ன்னார். பைப்பை நாப்பத்தஞ்சு டிகிரி சாய்ச்சு வச்சு, சுத்தி வந்து நீ போட்ட அந்த வெல்டிங்கை அப்பா வெட்டி எடுத்துட்டு வந்தாரே, அது இன்னும் சாமி அலமாரியிலதான் இருக்கு.

ஆனா வீடியோ ஓரத்துல பார்த்தேன். வெல்டிங் ராடைப் பிடிக்கிற ஹோல்டரோட கேபிள் ஈரத் தரையில கிடக்கு. எர்த் கிளாம்ப்பை ஷெட்டுத் தூண்ல கடிக்க விட்டிருக்க. வேலை நடக்குற இரும்பு கேட் அந்தப் பக்கம் கிடக்கு. புதுசா சேர்ந்த பையன் ரப்பர் செருப்போட நிக்கிறான். அவன் லீவுல ஊருக்குப் போயிருக்கான்னு மருமக சொன்னா. எதுக்கு லீவுன்னு நான் கேட்கலை.

உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இருபது வருஷம் பட்டறைக் கணக்கு எழுதினவ, அவ்வளவுதான். ஆனாலும் சொல்றேன். இந்தத் தொழில்ல எர்த்துங்கிற ஒரே பேருக்குள்ள ரெண்டு சமாச்சாரம் இருக்கு. ஒண்ணு, இரும்புல மாட்டுற கிளாம்ப். மெஷின்ல கிளம்பின கரண்ட்டு திரும்பி மெஷினுக்கே வர்ற வழி அது. இன்னொண்ணு, மெஷின் பாடியில இருந்து மண்ணுல எடுத்த எர்த் குழிக்குப் போற பச்சை வயர். பையன்களுக்கு ரெண்டும் எர்த்துதான். "எர்த்து மாட்டிட்டியா?"ன்னா கிளாம்ப்பைப் பார்த்துட்டு "மாட்டிட்டேன்"னு தலையாட்டுவான்.

தூண்ல மாட்டினா என்ன ஆகும்னு அப்பா அடிக்கடி சொல்வார். மூணு எம்.எம். ராடுக்கு நூறு, நூத்திப்பத்து ஆம்பியர் ஓடுது. நேர் வழி கிடைக்கலைன்னா அது கிடைச்ச வழியில எல்லாம் வீடு திரும்பும். செயின் வழியா, டிரில்லிங் மெஷின் பேரிங் வழியா, அந்தப் பச்சை வயர் வழியாவும் வரும். அவ்வளவு கரண்ட்டு அந்த மெல்லிசு வயர்ல போனா உள்ளுக்குள்ளேயே வெந்து அறுந்துடும். மெஷின் எப்பவும் போல ஓடும். பாடிக்கு எர்த்தே இல்லைங்கிறது, ஒருத்தன் ஈரக்காலோட தொடுற வரைக்கும் யாருக்கும் தெரியாது. கிளாம்ப்பை வேலை நடக்குற இரும்பு மேலேயே மாட்டு, வெல்டிங் பண்ற இடத்துக்குப் பக்கத்துல. துருவைத் தேய்ச்சுட்டு மாட்டு.

கரண்ட்டு கசிஞ்சா லைனை வெட்டி விடுற டிரிப்பர் போட்டிருக்கேன்னு சொல்லுவ. நல்லது, போடத்தான் வேணும். 30 மில்லி ஆம்பியர்ல விழுறதாப் பார்த்து வாங்கு, மாசம் ஒரு தரம் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாரு. ஆனா அது மெஷினுக்கு வர்ற லைன் பக்கத்துக்குத்தான் காவல். ஹோல்டர் பக்கம் ஷாக் அடிச்சா அதுக்குத் தெரியாது, நடுவுல ரெண்டு பக்கத்தையும் பிரிச்சு டிரான்ஸ்பார்மர் இருக்கு. மெஷின் ஆன்ல இருந்து வெல்டிங் அடிக்காதப்போ ஹோல்டர்ல 80 வோல்ட் வரைக்கும் நிக்கும். வேர்த்து நனைஞ்ச உடம்புக்கு, அதுவும் டேங்குக்குள்ள குனிஞ்சு உட்கார்ந்திருக்கிறவனுக்கு, அது போதும். காய்ஞ்ச கிளவுஸ், ஷூ, காலுக்கு அடியில ஒரு பலகை. பையனுக்கும் வாங்கிக் கொடு தம்பி, உனக்கு மட்டும் இல்லை.

மெஷினுக்குள்ள கிரைண்டிங் தூசி சேர விடாதே, அது இரும்புத் தூசி. பிளக்கைக் கழட்டிட்டுக் கொஞ்ச நேரம் விட்டுத் திற, இன்வெர்ட்டர் மெஷின் உள்ள கரண்ட்டைப் பிடிச்சு வச்சிருக்கும். துத்தநாகம் பூசின ஜி.ஐ. பைப் அடிக்கிற அன்னைக்கு வெளியில வச்சு அடி. அந்தப் புகைக்கு ராத்திரி காய்ச்சல் வரும், பால் குடிச்சா சரியாகும்னு அப்பா நம்பினார், ஆகலை. முதல்ல எர்த்தைப் பாரு.

இவ்வளவு எழுதிட்டு இதை எழுதாம விட்டா நான் மனுஷியே இல்லை.

1996 ஐப்பசியில நம்ம பட்டறைப் பையனுக்குக் கை வெந்துச்சே, அப்ப நீ ரெண்டாங்கிளாஸ். மெஷின் பாடியில கை ஒட்டிக்கிச்சு, அப்பா பலகையால அடிச்சுத்தான் பிரிச்சார். உயிர் பிழைச்சான், விரல் மடங்கலை. அதுக்கு ரெண்டு மாசம் முந்தியே எலெக்ட்ரீஷியன் வந்து, எட்டடிக்குக் குழி எடுத்து, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டுப் புது எர்த் எடுக்கணும், 1,800 ரூபாய் ஆகும்னு சொன்னான். அப்பா கொடுக்கச் சொன்னார். பணப்பெட்டி என் கிட்ட இருந்துச்சு. சீட்டுத் தவணை கட்டணும், பொங்கல் கழிச்சுப் பார்ப்போம்னு சொன்னது நான்.

அப்பா யாருகிட்டயும் சொல்லலை. "நான்தான் அசட்டையா இருந்துட்டேன்"னு அந்தப் பையனோட அம்மா கிட்ட அவரே போய் நின்னார். நீ வீட்டை விட்டுக் கிளம்பின அன்னைக்கு, "ஒரு பையன் கையைப் பொசுக்கின ஆளு எனக்குத் தொழில் சொல்ல வர்றீங்களா"ன்னு கேட்டியே, அப்பவும் அவர் வாயைத் திறக்கலை. நான் அடுப்படியில நின்னுட்டு இருந்தேன். சோறு வடிச்சுக்கிட்டு இருந்தேன். நானும் திறக்கலை. அவர் போய் நாலு வருஷம் ஆகுது.

என் மேல கோபப்படு. அவர் மேல இருக்கிறதை எடுத்துடு.

சீட்டு எடுத்து 25,000 உன் கணக்குல போட்டிருக்கேன், நேத்தே வந்திருக்கும். ஷெட்டு வாடகைக்குக் கொடுத்துடாதே. பெரியப்பாவுக்குத் தெரிஞ்ச எலெக்ட்ரீஷியன் வியாழக்கிழமை அங்க வர்றார், எர்த்தை அளந்து பார்க்கிற மீட்டரும் கொண்டு வருவார். மருமக கிட்ட ரெண்டு வேளைச் சாப்பாடு போடச் சொல்லு.

லீவுல போன அந்தப் பையனுக்குக் கை எப்படி இருக்குன்னு எழுது.

அம்மா