விருதுக் கோப்புகளைத் திறப்பதற்கு முன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் அறுவைக்குப் பிறகு கொஞ்ச நாள் படிக்கவும் எழுதவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் பதில் தள்ளிப்போயிற்று. இப்போது நன்றாகத் தெரிகிறது. உன் மகள் முனைவர் பட்டத்தை முடித்துவிட்ட செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அத்தனை பேருக்கும் சந்தோஷம். அவளுக்கு எங்கள் ஆசிகளைச் சொல்.

அப்புறம், சிறந்த ஆசிரியர் விருதுக்கான தேர்வுக்குழுவுக்கு உன்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். "வருகிற கோப்புகளைப் பார்த்து மார்க் போட வேண்டியதுதானே" என்று உன்னோடு வேலை பார்க்கும் ஒருவர் சொன்னாராம். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளை எண்ணுகிறோம், நிதி எவ்வளவு கொண்டுவந்தார் என்று பார்க்கிறோம். நல்ல கற்பித்தல் என்று ஒரு பல்கலைக்கழகம் எதை நினைக்கிறது என்பது இந்த விருதில்தான் வெளியே தெரிகிறது. புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்கள் யாருக்குப் போகிறது என்று கவனித்துக்கொண்டே இருப்பார்கள். தவறான ஆளுக்குப் போனால், வகுப்புக்காக உழைப்பதில் பலனில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

முதலில் உன் மேசைக்கு வருவது மாணவர்கள் ஆசிரியருக்கு மார்க் போடும் மதிப்பீட்டுப் படிவங்களின் சராசரிதான். ஒருவருக்கு 4.8, இன்னொருவருக்கு 4.6. எண்ணாக இருப்பதால் குழுவில் எல்லோருக்கும் அது பிடித்துப்போகும். அங்கேதான் நீ பிடிவாதமாக நிற்க வேண்டும். 1973இல் வெளியான 'டாக்டர் ஃபாக்ஸ்' சோதனை உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு நடிகரைப் பெரிய நிபுணர் என்று அறிமுகப்படுத்தி, உள்ளடக்கம் எதுவுமில்லாத ஒரு சொற்பொழிவைச் சுவையாகப் பேசவைத்தார்கள். கேட்டவர்கள் மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும். அவர்களே நல்ல மதிப்பீடு கொடுத்தார்கள். 1993இல் அம்பாடி, ரோசென்தால் என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வில், ஆசிரியரின் வீடியோத் துண்டுகளை ஒலியே இல்லாமல் அரை நிமிடம் பார்த்தவர்கள் போட்ட மதிப்பெண், செமஸ்டர் முழுக்க அவரிடம் படித்த மாணவர்களின் மதிப்பெண்ணோடு பெரிதும் ஒத்துப்போனது. அப்படியானால் அந்தப் படிவம் எதை அளக்கிறது?

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அமெரிக்க விமானப்படை அகாடமியில் கேரல், வெஸ்ட் என்ற பொருளியலாளர்கள் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு. அங்கே மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது. யாரிடம் யார் என்பதைக் குலுக்கல் முறையில் நிர்வாகமே ஒதுக்கிவிடும். பாடத்திட்டம் ஒன்று, தேர்வும் ஒன்று. அடுத்த நிலைப் பாடத்தையும் எல்லோரும் படித்தே ஆகவேண்டும். ஆசிரியரின் பங்கைத் தனியாகப் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நல்ல மதிப்பீடு வாங்கிய ஆசிரியர்களின் மாணவர்கள் அந்தப் பாடத்தில் நல்ல மார்க் எடுத்தார்கள். ஆனால் அதைத் தொடர்ந்து வந்த பாடங்களில் பின்தங்கினார்கள். அனுபவம் மிகுந்த ஆசிரியர்களிடம் படித்தவர்களுக்கு அந்தப் பாடத்தில் மார்க் குறைவாக இருந்தது. ஆனால் அந்த மாணவர்களே பின்னால் நன்றாகச் செய்தார்கள். வெறும் சராசரியை நம்பி விருது கொடுத்தால், ஆழமாகக் கற்பித்தவரை ஒதுக்கிவிட்டு, தேர்வுக்குத் தயார் செய்தவரை மேடையேற்றிவிடும் ஆபத்து இருக்கிறது.

2019இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் செய்த ஆய்வும் இதே பக்கம்தான் சாய்கிறது. தாங்களே கணக்குப் போட்டு விவாதித்த மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் மெருகான விரிவுரை கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாக நினைத்துக்கொண்டார்கள். மூளை சிரமப்படும்போது புரியவில்லை என்ற எண்ணமே வருகிறது.

பெண் ஆசிரியர்களின் கோப்புகளைப் பார்க்கும்போது இன்னொன்றையும் மனத்தில் வை. ஒரு இணையவழி வகுப்பில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஆளுக்கு இரண்டு குழுக்களை நடத்தினார்கள். ஒரு குழுவுக்குத் தங்கள் சொந்தப் பெயர், இன்னொன்றுக்கு மற்றவரின் பெயர். விடைகளை எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் திருத்திக் கொடுத்தார்கள். ஆனாலும், சீக்கிரம் திருத்தித் தருகிறாரா என்ற கேள்விக்கு ஆண் என்று நம்பியவருக்கு 5க்கு 4.35, பெண் என்று நம்பியவருக்கு 3.55. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் மறக்க முடியவில்லை.

இதற்காக மாணவர் குரலையே ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. நேரத்துக்கு வந்தாரா, சந்தேகம் கேட்டால் பொறுமையாகச் சொன்னாரா, எல்லோரையும் மரியாதையாக நடத்தினாரா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அதை அவர்களிடம் கேள். எவ்வளவு கற்றார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேடு. கனடாவில் 2018இல் ஒரு நடுவர் தீர்ப்பே வந்தது: பதவி உயர்வுக்கும் பணி நிரந்தரத்துக்கும் கற்பித்தலின் திறனை இந்தப் படிவங்களை வைத்து அளக்கக்கூடாது என்று. விருதுக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து.

வேறு சாட்சி என்றால் என்ன? நான் குழுவில் இருந்த ஒரு வருஷம் கணிதத் துறை ஆசிரியை ஒருவரின் கோப்பு வந்தது. சான்றிதழ் இல்லை, புகைப்படம் இல்லை. ஒரு சுமாரான மாணவனின் மூன்று வீட்டுப்பாடத் தாள்களின் நகல், தேதி வரிசையில். முதல் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தாய்?" மார்க்கைக் குறைக்கவில்லை, பதிலையும் எழுதித் தரவில்லை. இரண்டாவது தாளில் மாணவன் காரணம் எழுத முயன்று பாதியில் விட்டிருந்தான். அதற்குக் கீழே, "வகுக்கும் எண் பூஜ்யமானால்?" என்று ஒரே கேள்வி. மூன்றாவதில் அவனே ஓரத்தில் குறித்திருந்தான்: "இங்கே பூஜ்யம் வராது, ஏனென்றால்..." அதுவரை வேறு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு உறுப்பினர்கள் அந்தத் தாள்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினார்கள். விருது அவருக்கே போனது. அவருடைய சராசரி அந்த வருஷம் நடுவில்தான் இருந்தது.

ஆகவே திருத்திய தாள்களைக் கேட்டு வாங்கு. நாலைந்து வருஷத்து வினாத்தாள்களையும் கேள். அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். அடுத்த நிலைப் பாடம் நடத்துகிறவரிடம், "இவரிடமிருந்து வரும் மாணவர்கள் எப்படி?" என்று விசாரி. படித்து முடித்துச் சில வருஷம் ஆன மாணவர்கள் எழுதுவது, இப்போது படிப்பவர்கள் எழுதுவதைவிட நிதானமாக இருக்கும். வகுப்பில் போய் உட்காருவதென்றால் இருவராகப் போங்கள், ஒரு நாளோடு நிறுத்தாதீர்கள். ஆசிரியரையே பார்த்துக்கொண்டிருக்காமல் பின் வரிசை மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

எனக்கு அதிகக் கவலை கோப்பே வராதவர்களைப் பற்றித்தான். முதலாண்டின் பெரிய வகுப்புகள், ஆய்வகம், ஒப்பந்த வேலை என்று இருப்பவர்களுக்குப் பரிந்துரை எழுத யாரும் இல்லை. துறைத்தலைவருக்கு நெருக்கமானவர்களின் கோப்பு தடிமனாக வரும். நீங்களே போய்த் தேடுங்கள். கோப்புக்குப் பக்க வரம்பு வையுங்கள், எத்தனை பரிந்துரைக் கடிதம் வந்தது என்று எண்ணாதீர்கள். மாணவர் ஒருவரையோ இருவரையோ குழுவிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் ஒரு வாதம் நிச்சயம் வரும்: "அவருக்கு அடுத்த வருஷம் ஓய்வு, இந்தத் தடவை கொடுத்துவிடலாமே." நல்ல மனதோடுதான் சொல்வார்கள். நீண்ட சேவையைப் பாராட்ட வேறு வழி இருக்கிறது என்று சொல்லிவிடு. ஆய்வில் பெயர் பெற்றவர் என்பதும் இந்த மேசைக்கு வரக்கூடாது. அதனால்தான் அளவுகோல்களைக் கோப்பு திறப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பிட்டு எழுதிக் கொடுத்த பிறகே பேச்சைத் தொடங்கு. இல்லாவிட்டால் மூத்தவர் முதலில் சொன்ன பெயரே முடிவாகிவிடும். தகுதியானவர் இல்லாத வருஷம் விருதை நிறுத்திவைக்கும் உரிமையையும் விதியில் எழுதி வாங்கு. கிடைக்காதவர்களுக்கு, அவர்களுடைய வேலையில் குழு கண்ட நல்லதைக் குறிப்பிட்டு நாலு வரி எழுதுங்கள். அந்த மாதிரி ஒரு கடிதத்தை ஒருவர் தம் மேசை இழுப்பறையில் வருஷக்கணக்கில் வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

அளவுகோல் வரைவு தயாரானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. ஓய்வில்தானே இருக்கிறேன், வரிவரியாகப் படித்து எழுதுகிறேன். முதல் கூட்டம் என்றைக்கு என்பதையும் சொல். உன் முழங்கால் வலி பற்றி இந்தத் தடவை ஒரு வார்த்தையும் எழுதவில்லையே, தேவலையா? அடுத்த கடிதத்தில் அதையும் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்