கோட்டம் எடுத்த கதை

பெர்த்,
ஆஸ்திரேலியா,
செப்டம்பர் 14

அன்புள்ள சித்தப்பாவுக்கு வணக்கம்.

இங்கு நான் நலம். நீங்கள், சித்தி, அப்பாயி எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? குறுவை அறுப்பு ஆரம்பித்துவிட்டதா? அங்கே மழை என்று அம்மா சொன்னார். நெல் காயப்போட இடமில்லாமல் ரோட்டில் கொட்டியிருப்பார்கள். நீங்கள் கடை வாசலையும் விட்டுக்கொடுத்திருப்பீர்கள்.

தினம் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், அப்புறம் தெருவே கேட்கும். ஆகஸ்டில் இரண்டு வாரம் 'வேலை அதிகம், சிக்னல் வேறு சரியில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தேன் இல்லையா, அதில் பாதிதான் உண்மை. சிக்னல் நிஜமாகவே இல்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தனி ஆளாகச் சைக்கிளில் 1200 கிலோமீட்டர் போயிருந்தேன். 'அண்ணி, பயல் நல்லபடியா திரும்பி வந்துட்டான்' என்று கடைசியிலிருந்து ஆரம்பித்து, நீங்கள்தான் அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

பெர்த்துக்குக் கிழக்கே நார்ஸ்மன் என்று ஒரு சின்ன ஊர். 1894இல் ஒரு குதிரை காலால் தரையைக் கிளறியபோது தங்கம் தெரிந்ததாம், அந்தக் குதிரையின் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார்கள். அதுவரை நண்பன் காரில் கொண்டுவந்து விட்டான். அங்கிருந்து கிழக்கே செடுனா என்ற கடலோர ஊர்வரை ஒரே ரோடு. நடுவில் இருக்கும் சமவெளிக்கு நல்லர்பார் என்று பெயர். காதுக்கு 'நல்ல' என்று கேட்டாலும், லத்தீனில் 'மரமே இல்லை' என்று அர்த்தமாம். வழி முழுக்க அப்படியில்லை, மேற்கில் ஓரளவு மரம் உண்டு. கிழக்கே போகப் போகத்தான் இடுப்பளவு புதர்கூட அபூர்வமாகிறது.

நம் ஊரும் தட்டைதான், இதுவும் தட்டைதான். ஆனால் நீடாமங்கலத்திலிருந்து எந்தப் பக்கம் சைக்கிளை மிதித்தாலும் பத்து நிமிஷத்தில் ஒரு பாலம், ஒரு மதகு, மதகுக் கட்டையில் உட்கார்ந்து பேசும் நாலு பேர். இங்கே ஒரு பாலம்கூடக் கடந்ததாக நினைவில்லை. தரை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, பெய்கிற மழை நேரே உள்ளே இறங்கிவிடுகிறது. ஆறு இல்லை, வாய்க்கால் இல்லை. வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற இடத்தில் குளித்து வளர்ந்தவனுக்கு அதுதான் முதல் இரண்டு நாள் பயமாக இருந்தது. பத்து லிட்டர் தண்ணீரைக் கட்டிக்கொண்டு மிதித்தேன். பலடோனியா என்ற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க், அதோடு ஒட்டிய ஓட்டல். அடுத்த கடை கைகுனாவில், 182 கிலோமீட்டர் தள்ளி.

அப்பாயி ஒரு கதை சொல்வார்களே, 1979இல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் தலையில் விழப்போகிறது என்று ஆட்டையும் கோழியையும் அடித்துத் தின்று தீர்த்தார்கள் என்று. அது விழுந்தது இந்தப் பக்கம்தான்! பலடோனியாவில் அதைப் பற்றிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். குப்பை போட்டதற்காக எஸ்பரன்ஸ் ஊராட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டதாம். அப்பாயியிடம் சொல்லுங்கள், சிரிப்பார்கள்.

பலடோனியா தாண்டியதும் 146.6 கிலோமீட்டருக்கு ரோட்டில் ஒரு வளைவு கிடையாது. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போய், பாதிக்கு மேல் திரும்பி வரும் தூரம், ஹேண்டில்பாரைத் திருப்பாமலே. அங்கங்கே ரோட்டிலேயே வெள்ளைக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் டாக்டரின் விமானம் அந்த ரோட்டில்தான் இறங்கும். இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இந்த வழியை முதலில் சைக்கிளில் கடந்தவர் ஆர்தர் ரிச்சர்ட்சன் என்பவர். 1896இல், கூல்கார்டியிலிருந்து அடிலெய்டுக்கு 31 நாளில். முழுக்கத் தார் போட்டதே 1976இல்தான். மணலில் அந்தக் காலத்து டயரை வைத்துக்கொண்டு எப்படிப் போனாரோ. எனக்கு நல்ல ரோட்டிலேயே நாலு பஞ்சர். வெடித்த லாரி டயரிலிருந்து சிதறும் மெல்லிய கம்பித் துணுக்குதான் எமன். டயரின் உள்பக்கம் விரலை ஓட்டிப் பார்க்காமல் டியூபை மாட்டாதே என்பீர்களே, மூன்றாவது பஞ்சரில்தான் அது ஞாபகம் வந்தது.

சரி, நான் சொல்ல வந்தது ரோட்டைப் பற்றி இல்லை, ரோட்டில் பார்த்த ஆட்களைப் பற்றி. பெர்த்தில் எதிர் வீட்டுக்காரரின் பெயர் மூன்று வருஷமாகியும் எனக்குத் தெரியாது. காரை எடுக்கும்போது கையைத் தூக்குவார், நானும் தூக்குவேன், அவ்வளவுதான். இந்த ரோட்டில் யாரும் யாரையும் சும்மா தாண்டிப் போவதில்லை. 36 மீட்டர் நீள லாரிகள் வரும். முன்னால் போகிற டிரைவர் ரேடியோவில் பின்னால் வருகிறவரிடம், இந்த இடத்தில் ஒரு சைக்கிள் போகிறது, பார்த்து வா என்று சொல்லிவிடுகிறார். கைகுனாவில் டீ குடிக்க நுழைந்தபோது முன்பின் தெரியாத டிரைவர் ஒருவர், 'மஞ்சள் பை கட்டியவன் நீதானா, காலையிலிருந்து உன்னைப் பற்றித்தான் பேச்சு' என்றார்.

எதிரே சைக்கிளில் வருகிறவர் என்றால் கேட்கவே வேண்டாம். யாரும் பெயரைக் கேட்பதில்லை. முதல் கேள்வி, தண்ணீர் எங்கே கிடைக்கும். இரண்டாவது, காற்று எப்படி. நான் தாண்டி வந்தது அவருக்கு இனிமேல், அவர் தாண்டி வந்தது எனக்கு இனிமேல். கொடுக்கல் வாங்கல் சரிக்குச் சரி. ஒரு ஜெர்மன் ஜோடி மட்டும் நின்ற நிலையிலேயே தங்கள் சாதனைக் கணக்கை எல்லாம் ஒப்பித்துவிட்டுப் போய்விட்டது.

கைகுனா தாண்டி மறுநாள் தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. கால் மணி நேரம் புள்ளியாகவேதான் இருந்தது. கிட்டே வந்ததும் பார்த்தால் ஜப்பான்காரர், அறுபதைத் தாண்டியவர், பென்ஷன் வாங்கிய தபால்காரர். வேலையில் இருந்த காலம் முழுக்கத் தன் ஊருக்குள்ளேயே சைக்கிள் மிதித்தாராம், இப்போது சிட்னியிலிருந்து பெர்த்துக்கு. எதிர்க்காற்று வேறு. என் இங்கிலீஷும் அவர் இங்கிலீஷும் சேர்ந்தால் ஒரு வாக்கியம் தேறும். ஆனால் அவர் பேசுவதற்கு முன்பே அவர் சைக்கிள் பேசிவிட்டது. பின்சக்கரம் கோட்டமாகி, அதாவது ரிம் ஒரு பக்கம் வளைந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக் கட்டையில் 'சர்க்' என்று உரசிக்கொண்டிருந்தது. இருநூறு கிலோமீட்டராக அப்படியேதான் மிதித்து வருகிறார்.

மூட்டையை அவிழ்த்து வைத்துவிட்டு, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். கட்டை விரல் நகத்தைப் பிரேக் கட்டையில் ஊன்றி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றவிட்டேன். நகத்தில் ரிம் உரசுகிற இடத்தில் நிறுத்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியை அரைத் திருகு இறுக்கி, இந்தப் பக்கத்துக் கம்பியை அரைத் திருகு தளர்த்தி, திரும்பவும் சுற்றி. அவசரப்பட்டு ஒரே கம்பியில் முழுத் திருகு போட்டால் கோட்டம் வேறு இடத்துக்குக் குடி போகும் என்று தலையில் குட்டுவீர்களே, அந்தக் குட்டு இங்கே வரைக்கும் வந்தது. முக்கால் மணி நேரம். கடைசியில் கம்பிகளைச் சுண்டிப் பார்த்தேன், ஓரளவு ஒரே சுருதிக்கு வந்திருந்தது. அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, குத்துக்கால் வைத்து உட்கார்ந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடம் கற்றாய் என்றார். அப்பாவின் தம்பி, ஊரில் சைக்கிள் கடை, நான் குரங்கு பெடல் பழகியது அவர் வாடகை சைக்கிளில்தான் என்று கையையும் காலையும் ஆட்டிச் சொன்னேன். எழுந்து நின்று இடுப்பை வளைத்து வணங்கினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வணக்கம் உங்களுக்குச் சேர வேண்டியது, இதோ அனுப்பிவிட்டேன்.

பதிலுக்கு அவர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். மழைநீர்த் தொட்டி எங்கெங்கே இருக்கிறது, எதில் தண்ணீர் இருந்தது, எது காலி என்று தேதியோடு படம். தபால்காரர் கையெழுத்து, அச்சடித்த மாதிரி. அந்தத் தாளை இப்போது என் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன்.

நடுவில் கொஞ்ச தூரத்துக்கு நேரமே தனி. பெர்த் நேரத்தோடு முக்கால் மணியைக் கூட்டி அவர்களாகவே ஒரு கடிகாரம் வைத்திருக்கிறார்கள். மாநில எல்லையைத் தாண்டினால் அதுவும் மாறிவிடும். எனக்கு எப்போது பசிக்கிறதோ அதுதான் மத்தியானம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்ததுதான் வேடிக்கை. மேற்கே வருகிற வண்டிகளில் பழம், காய்கறி, தேன் இருந்தால் எல்லைச் சாவடியில் வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள், பூச்சி நோய் பரவக்கூடாதாம். எதிரே வருகிறவர்கள் பெரும்பாலும் ரிட்டயர் ஆன தம்பதிகள், காருக்குப் பின்னால் வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள். குப்பைக்குப் போவதற்குப் பதிலாக இந்தப் பையன் வயிற்றுக்குப் போகட்டும் என்று ஆளாளுக்கு நிறுத்திவிட்டார்கள். ஒரே காலையில் ஆறு ஆப்பிள், ஒரு சீப்பு வாழைப்பழம், தக்காளி, அரை பாட்டில் தேன்! ஒரு பாட்டி நாற்காலி போட்டு உட்காரவைத்து டீயும் கொடுத்து, நான் சாப்பிட்டு முடிக்கிறவரை நகரவில்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருப்பவர்களின் வயதுதான் அவருக்கு. அங்கே ஒருத்தருக்கு ஒரு வாய் ஊட்ட அரை மணி நேரம் கெஞ்சுவேன். இங்கே அந்தப் பாட்டி என்னைக் கெஞ்சினார்.

ஆகஸ்ட் 29 அன்று கடலோரத்தில் நின்று திமிங்கலம் பார்த்தேன். செங்குத்தான பாறைக்குக் கீழே தாயும் குட்டியும், தோணியைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி. அன்றைக்குத்தானே வேளாங்கண்ணியில் கொடியேற்றம். காவித் துணியும் வெறுங்காலுமாக நம் கடையைத் தாண்டிப் போகிறவர்களுக்குப் பானையில் தண்ணீர் வைத்து, பின்னால் வரும் சப்பரத்து வண்டிக்குக் காசு வாங்காமல் காற்றடித்துக் கொடுப்பீர்கள். எந்த ஊர், எப்போது கிளம்பினீர்கள் என்று ஒருத்தர் விடாமல் கேட்பீர்கள். சின்ன வயதில் எனக்கு அது எரிச்சலாக இருக்கும், எதற்கு இத்தனை கேள்வி என்று.

யலாட்டா பக்கம் ஒரு பழைய காரில் அந்த நிலத்துப் பூர்வகுடிகள் இரண்டு பேர் நிறுத்தினார்கள். 1950களில் வடக்கே மரலிங்காவில் பிரிட்டன்காரர்கள் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்கள், அந்தப் பக்கத்து ஜனங்களை அவர்கள் இடத்திலிருந்து கிளப்பி இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பெரியவர் 'உன் நாடு எது' என்றார். இந்தியா என்றேன். அதில்லை, உன் மண் எது என்றார். பழைய பேச்சில் சோழநாடு, வளநாடு என்போமே, அந்த நாடு. ஒரு பெரிய ஆறு கடலுக்குப் போகும்முன் நூறாகப் பிரிகிற இடம் என்றேன். தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். மேட்டூர் திறந்தால் இருக்கும் என்று சொல்ல வாய் வரவில்லை, இருக்கிறது என்றேன்.

செடுனாவிலிருந்து சைக்கிளைப் பெட்டியில் கட்டி பஸ்ஸில் ஏற்றி ஒருவழியாக வந்து சேர்ந்தேன். ஐந்து கிலோ இளைத்திருக்கிறேன். வீடியோவில் கன்னம் ஒட்டியிருக்கிறதே என்று அம்மா கேட்டது அதனால்தான்.

இன்னொரு விஷயம். அந்த ஜப்பான்காரர் பொங்கலுக்குப் பிறகு இந்தியா வருகிறார், சென்னையிலிருந்து கடலோரமாகத் தெற்கே சைக்கிளில். உங்கள் கடை விலாசத்தை நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டார், கட்டாயம் வருவேன் என்றார். வந்தால் சித்தியிடம் சொல்லி மீன் குழம்பு வைக்கச் சொல்லுங்கள், காரம் கம்மியாக. அவருடைய பின்சக்கரத்தையும் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். நான் நடு ரோட்டில் எடுத்த கோட்டம், இன்னும் அரை நூல் பாக்கி இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்