எலி தன் நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலைவனச் சிற்றுயிர்களின் உருமறைப்பு பற்றிய கட்டுரை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் "கரும்பாறையில் வாழும் எலிகள் தம் நிறத்தைக் கருமையாக மாற்றிக்கொண்டன" என்ற வரி உறுத்துகிறது. அந்தக் 'கொண்டன'தான் சிக்கல். எலி எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. பிறந்த நிறத்தோடுதான் அது சாகிறது. மாறுவது, கூட்டத்தில் எந்த நிறத்து எலிகள் எத்தனை என்ற விகிதம்.

கட்டுரை சொல்லும் எலி, அமெரிக்கத் தென்மேற்கின் பாறைக் கன்னப்பை எலி. வெளிர் பாறையில் வாழும் எலியின் முதுகு முடி ஒன்றை உருப்பெருக்கியில் பார்த்தால் நுனி கறுப்பாகவும், அதற்குக் கீழே ஒரு மஞ்சள் பட்டையாகவும் தெரியும். கறுப்பு எலியின் முடியில் அந்தப் பட்டையே இல்லை. முடி வளரும்போது நிறமிச் செல்லின் மேலுறையில் இருந்து வெளிச் செய்தியை உள்ளே கடத்தும் எம்சி1ஆர் என்ற ஏற்பிப் புரதம் சிறிது நேரம் அடங்கியிருந்தால்தான் மஞ்சள் நிறமி உருவாகும். அரிசோனாவின் பினகாட்டே எரிமலைப் பாறைகளில் வாழும் கறுப்பு எலிகளில் இந்த ஏற்பியை உருவாக்கும் மரபணுவில், புரதத்தையே மாற்றும் நான்கு வேறுபாடுகள் இருப்பதை மைக்கேல் நாக்மன், ஹோப்பி ஹோக்ஸ்ட்ரா குழுவினர் 2003இல் காட்டினார்கள். நியூ மெக்சிகோவின் எரிமலைப் பாறைகளிலும் இதே இன எலிகள் கறுப்புதான். அங்கே எம்சி1ஆர் காரணமில்லை, வேறு மரபணு. பாறை 'கேட்டு' நிறம் வந்திருந்தால் இரண்டு இடத்தில் இரண்டு வழி எதற்கு? சடுதி மாற்றம் தற்செயலாக வருகிறது. அதைச் சலித்தெடுப்பது ஆந்தை.

இரவில் நிறம் எப்படித் தெரியும் என்ற ஐயம் இயல்பானது. 1947இல் விலங்கியலாளர் லீ டைஸ் மங்கிய வெளிச்சத்தில் ஆந்தைகளை விட்டுச் சோதித்தார். தரையோடு ஒட்டாத நிறமுள்ள மான் எலிகளே அதிகம் பிடிபட்டன.

கறுப்பு எலியைப் புரட்டிப் பாருங்கள், வயிறு வெள்ளை! மேலிருந்து பாயும் ஆந்தைக்கு வயிறு தெரியாது. அதனால் அங்கே சல்லடை வேலை செய்யவில்லை. கட்டுரையில் இந்த வயிற்றின் படம் ஒன்று இருந்திருந்தால் பாதி விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

"குறுகிய காலத்தில் ஒரு கூட்டமே கறுப்பாகிவிடுமா?" என்பார்கள். கணக்கு எளிது. வெளிர் எலி 100 குட்டிகளை விட்டுச்செல்லும் இடத்தில் கறுப்பு எலி 101 விட்டுச்செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 எலியில் ஒன்றுதான் கறுப்பு என்று தொடங்கினாலும், கறுப்பு ஓங்குபண்பாக (மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே வெளித்தெரிவதாக) இருப்பதால் சுமார் 1,200 தலைமுறையில் நூற்றுக்கு 95 கறுப்பாகிவிடும். அதன் பிறகுதான் வேகம் குறையும். மிஞ்சிய வெளிர் மரபணுக்கள் கறுப்பு எலிகளுக்குள்ளேயே ஒளிந்திருக்கும், ஆந்தையின் கண்ணில் படாது.

கரும்பாறையில் ஒரு வெளிர் எலி நிற்கும் படத்துக்கு "இன்னும் தகவமையாதது" என்று குறிப்பு எழுதியதும் தவறு. சுற்றிலும் வெளிர் பாறை இருக்கும்போது அங்கிருந்து எலிகள் வந்தபடியே இருக்கும். கலப்பும் நடக்கும்.

கரும்பாறைக்கு நேரெதிர், நியூ மெக்சிகோவின் வெண்மணல் மேடுகள். வயது 10,000 ஆண்டுகளுக்கும் குறைவு. அங்கே வேலி ஓணான், சாட்டைவால் பல்லி இரண்டும் வெளுத்திருக்கின்றன, இரண்டிலும் பழுதானது எம்சி1ஆர்தான். ஆனால் பழுது ஒன்றல்ல. வேலி ஓணானில் ஏற்பி செல்லின் மேலுறையில் சரியாகப் பொருந்துவதில்லை. சாட்டைவாலில் பொருந்தினாலும் செய்தியை உள்ளே சரிவரக் கடத்துவதில்லை. முன்னதில் வெண்மை ஓங்குபண்பு, பின்னதில் ஒடுங்குபண்பு. ஒடுங்குபண்பு என்றால், ஒரு பிரதி மட்டும் சுமக்கும் பல்லி பழுப்பாகவே இருக்கும். அந்த மரபணு தொடக்கத்தில் மிக மெதுவாகவே பரவியிருக்க முடியும்.

அடுத்த இதழில் 'மாற்றிக்கொண்டன' என்பதை 'கறுப்பு எலிகளே அதிகம் பிழைத்துப் பெருகின' என்று திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்