ஏர்த்தை மட்டும் வெட்டிப்போடாதீங்க புள்ளையள்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் கல்லடிப் பக்கம் இருக்கன், இருபது வருசத்துக்கு மேல சவுண்ட் செட் கட்டுறதுதான் தொழில், வைகாசியில கண்ணகி அம்மன் சடங்கு துவங்கினா கதவு திறக்கிறதுல இருந்து குளுத்தி மட்டும் வீட்டுல படுக்க நேரமிருக்காது. ஆனா இது சவுண்ட் பற்றின கடிதம் இல்ல. எங்கட பொடியன்மார் இப்ப வீட்டுக்குள்ள கட்டுற கார் ரேஸ் சீட் பற்றினது, கொஞ்சம் நீளமாத்தான் வரும், இடமில்லாட்டி வெட்டிப் போடுங்க, ஆனா கரண்ட் பற்றி எழுதின பகுதியை மட்டும் வெட்டாமல் போடுங்க ஐயா.

தெரியாதவங்களுக்கு முதல்ல அது என்ன எண்டு சொல்றன். கம்பியூட்டர்ல கார் ஓட்டுற கேம். அதை கீபோர்ட்ல விளையாடாமல் ஸ்டியரிங், பெடல் எல்லாம் வச்சு, பொக்ஸ் பார் வெல்டிங் பண்ணி, பழைய வேன் சீட் ஒண்டைப் பூட்டி, அதுல இருந்து ஓட்டுவாங்க. ஸ்டியரிங்குக்கு முன்னால சின்ன டேஷ்போர்ட், அதுல கியர் நம்பர், ஸ்பீட், எஞ்சின் சுத்து ஏற ஏற வரிசையா பத்துற லைட். சீட்டுக்குக் கீழ பேஸ் ஷேக்கர் எண்டு ஒரு சாமான், பார்க்க ஸ்பீக்கர் காந்தம் மாதிரித்தான், பேப்பர் கோன் இல்ல, அதுக்குப் பதிலா உள்ளுக்க இருக்கிற பாரம் அதிரும், ரோட்டுல குண்டும் குழியும் வந்தா சீட் குலுங்கும். கம்பனி செட் வாங்க லட்சக்கணக்குல வேணும், அதால ஆர்டுயினோ எண்ட சின்ன எலக்ட்ரோனிக் போர்ட் வாங்கி, கேம்ல நடக்கிறதை டேஷ்போர்டுக்கும் ஷேக்கருக்கும் அனுப்புற சிம்ஹப் எண்ட சொப்ட்வெயரைப் போட்டு தாங்களே செய்யிறாங்க. என்ட மகனும் செய்தவன். அவன் பதினாறு வயசுல ஈயம் பிடிச்சு சோல்டர் பண்ணினதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே பெருமையா இருந்திச்சு, அதை ஒளிக்கத் தேவையில்ல.

இப்ப விசயத்துக்கு வாறன். போன மாசம் எங்கட ஒழுங்கையில இருக்கிற ஒரு பொடியன் கூப்பிட்டான், மாமா வந்து என்ட சீட்ல ஒருக்கா இருந்து பாருங்க எண்டு. போனன். வெறுங்காலோட சீமெந்து நிலத்துல நிண்டுகொண்டு அந்த இரும்புச் சட்டத்துல கையை வச்சன், கையில சுள்ளெண்டு ஒரு கூச்சம். கேமே ஓடல்ல. "என்ன மனே இது?" எண்டன். "அது ஷேக்கர் மாமா, எந்த நாளும் அப்பிடித்தான் இரிக்கும், நல்ல எபெக்ட்" எண்டான். டெஸ்டரைக் கொண்டு வரச்சொல்லி சட்டத்துல வச்சன், லைட் பத்திச்சு. எனக்கு வாய் காய்ஞ்சு போச்சு. அந்தப் புள்ள ரெண்டு கிழமையா கரண்டை ஷேக்கர் எண்டு நினைச்சு அதுல இருந்து விளையாடியிருக்கு.

நடந்தது இதுதான். ஷேக்கர்ல எந்த நேரமும் உம்ம்ம் எண்டு ஒரு அதிர்வு இருந்திருக்கு. அதை நாங்க ஹம் எண்டு சொல்லுவம். யாரோ சொல்லியிருக்காங்க ஏர்த் வயரை, அதாவது பழுது வந்தா கரண்டை நிலத்துக்கு விடுற பச்சை மஞ்சள் வயரை, எடுத்தா அது நிக்கும் எண்டு. இவன் முதல்ல ஷேக்கரை ஓட்டுற அம்ப்ட (அம்ப்ளிபயர்) வயருக்குப் புது ப்ளக் ஒண்டு போட்டு பச்சை மஞ்சள் வயரைப் பூட்டாமல் விட்டிருக்கான், ஹம் குறைஞ்சிருக்கு, அந்த சந்தோசத்துல மறுகா கம்பியூட்டர் ப்ளக்கையும் அப்பிடியே செய்திருக்கான். கம்பியூட்டர் பெட்டி இரும்புச் சட்டத்துலதான் ஆணி போட்டு இறுக்கியிருந்திச்சு. கம்பியூட்டர் பவர் சப்ளைக்குள்ள கரண்ட் வாற லைவ் வயர்ல இருந்து ஒண்டு, திரும்பிப் போற நியூட்ரல் வயர்ல இருந்து ஒண்டு எண்டு ரெண்டு சின்ன கப்பாசிட்டர் பெட்டிக்கு வாற மாதிரி இருக்கும், இரைச்சலை ஏர்த்துக்கு விடத்தான் அது, ஏர்த் இல்லாட்டி பெட்டி முழுக்க வீட்டுக் கரண்ட் 230 வோல்ட்டுக்குப் பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட்ல மிதக்கும். அதுல ஓடுற கரண்ட் கொஞ்சந்தான், கூச்சத்தோட விட்டுடும். ஆனா பவர் சப்ளைக்குள்ள ஏதாவது பழுதாகி லைவ் நேராப் பெட்டியில பட்டா? அதைத்தான் ஐயா என்னால நினைச்சுப் பார்க்க ஏலாமல் இருக்கு.

ஒண்டை மட்டும் வெட்டினாலும் சரி வராது, அதையும் சொல்லோணும். அம்ப்ல மட்டும் ஏர்த்தை எடுத்தா, அம்புக்கும் கம்பியூட்டருக்கும் இடையில போற அந்த நூல் மாதிரி ஓடியோ வயர்தான் அம்ப் பெட்டிக்கு ஏர்த் ஆகுது. பழுது வந்த நாளைக்கு அந்த நூல் எவ்வளவு நேரம் தாங்கும்?

நான் யோசிச்சுப் பார்த்தன் இந்தப் புள்ளையள் ஏன் இதுல பிழை விடுறாங்க எண்டு. எங்கட தொழில்ல நாங்களே எல்லாத்தையும் ஏர்த் எண்டுதான் சொல்றம். போர்ட் மைனஸும் ஏர்த், ஸ்பீக்கர் மைனஸும் ஏர்த், சுவர்ல இருக்கிறதும் ஏர்த். ஒரே பேர், ஆனா மூண்டும் மூண்டு சாமான், ஒண்டைச் சேர்க்கத்தான் வேணும், ஒண்டைச் சேர்க்கவே கூடாது, ஒண்டை வெட்டவே கூடாது. என்ட மகன்ட செட்லயும் இந்த மூண்டாலயும்தான் முழுக்கரைச்சலும் வந்தது.

முதல்ல லைட். டபிள்யூஎஸ்2812பி எண்ட எல்ஈடி பட்டி, 16 பல்ப் போட்டான். ஒரு பல்ப் முழு வெள்ளையில 60 மில்லி ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், 16க்கும் கணக்குப் பார்த்தா 960, கம்பியூட்டர்ட சாதாரண யூஎஸ்பி 2 ஓட்டை குடுக்கிறது 500. அதால கியர் மாத்தச்சொல்லி எல்லாப் பல்பும் ஒண்டா வெள்ளையா மினுங்கிற நேரம் பார்த்து போர்ட் அணைஞ்சு அணைஞ்சு பத்தும், கம்பியூட்டர் டிங் டிங் எண்டு அடிக்கும். அவன் புரோகிராம் பிழை எண்டு மூண்டு நாள் அழிச்சு அழிச்சு ஏத்தினான். நான் பார்த்துட்டு தனி 5 வோல்ட் 2 ஆம்பியர் சப்ளை ஒண்டு குடுத்தன். அதுக்குப் பிறகு பல்ப் கண்டபடி நிறம் மாறிச்சு. ஏனெண்டா புது சப்ளைட மைனஸை ஆர்டுயினோட மைனஸோட சேர்க்கல்ல, சிக்னல் வயர் வந்தாலும் அதை எதோட ஒப்பிட்டுப் பார்க்கிறது எண்டு பட்டிக்குத் தெரியாது. ரெண்டு மைனஸையும் ஒரு வயரால சேர்த்தாப்போல நிண்டிச்சு. இங்க சேர்க்கத்தான் வேணும். சிக்னல் வயர்ல 330 ஓம் ரெசிஸ்டர் ஒண்டும் சப்ளையில 1000 மைக்ரோ கப்பாசிட்டர் ஒண்டும் போட்டா இன்னும் நல்லம், பட்டியில இருக்கிற அம்புக்குறி போர்ட்ல இருந்து வெளிய போற பக்கமா இருக்கோணும், அதை மாத்திப் பூட்டினா ஒண்டும் பத்தாது.

ரெண்டாவது அம்ப். டிபிஏ3116 எண்ட சின்ன போர்ட் வாங்கினான், நல்ல சாமான், விலைக்கு அதை அடிக்க ஏலாது. அதுல ஸ்பீக்கருக்குப் போற ரெண்டு முனையிலயும் சிக்னல் இருக்கு, மைனஸ் எண்டு எழுதியிருந்தாலும் அது மைனஸ் இல்ல. லைட்ல படிச்ச பாடத்தை இதுலயும் போட்டு ரெண்டு ஷேக்கர்ட மைனஸையும் ஒரே வயர்ல சேர்த்து விட்டான், அம்ப் பத்தி அணைஞ்சு பத்தி அணைஞ்சு நிண்டிச்சு. நல்ல காலம், பாதுகாப்பு வேலை செய்தது, இல்லாட்டி போர்ட் போயிருக்கும். ஒவ்வொரு ஷேக்கருக்கும் தனித்தனியா ரெண்டு வயர், அவ்வளவுதான். அதோட 12 வோல்ட் அடப்டரைக் குடுத்துட்டு 50 வாட் வரல்ல எண்டு சொல்லக் கூடாது, 4 ஓம்முக்கு 12 வோல்ட்ல சுத்தமா வாறது 18 வாட்தான், அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம், 50 கிட்ட வேணுமெண்டா 21, 24 வோல்ட் சப்ளை தேவை.

மூண்டாவது சுவர் ஏர்த், இதுக்காகத்தான் இந்தக் கடிதமே. ஹம் எண்டது எங்களுக்குப் பழகின எதிரி, கோயில் வெளியில மிக்சர் ஒரு இடத்துல கரண்ட் எடுத்து அம்ப் இன்னொரு இடத்துல எடுத்தா உம்ம் எண்டு இரையும், சனம் திரும்பிப் பார்க்கும். அதே கதைதான் இங்கயும். கம்பியூட்டருக்கு ஒரு ஏர்த், அம்புக்கு ஒரு ஏர்த், நடுவுல ஓடியோ வயர், ஒரு வட்டம் உண்டாகுது, அந்த வட்டத்துல எங்கட லைன் கரண்ட்ட 50 ஹேர்ட்ஸ் ஓடுது. சாதாரண கம்பியூட்டர் ஸ்பீக்கர்ல அது பெரிசாக் கேக்காது. ஆனா ஷேக்கர் நல்லா வேலை செய்யிறதே கிட்டத்தட்ட பத்துல இருந்து 80 ஹேர்ட்ஸ் வரைக்கும், 50 அதுக்குள்ள நிக்குது, அதால காதுல கேக்காத ஹம் கூட முதுகுல தெரியும். பொடியன்மாருக்கு அது பெரிய எரிச்சல், அதை நான் ஏற்றுக்கொள்றன், எரிச்சல்லதான் வெட்டுறாங்க.

வெட்டாமல் நிப்பாட்ட வழி இருக்கு. முதல்ல அம்ப்ல இருந்து ஓடியோ வயரைக் கழட்டிப் பாருங்க. அப்பவும் ஹம் இருந்தா அது அம்ப் அல்லது அதுட சப்ளை, வட்டம் இல்ல. கழட்டினதும் நிண்டா வட்டந்தான். லப்டப் எண்டா சார்ஜரைக் கழட்டி பெட்டரியில ஓட்டிப் பாருங்க, நிண்டா இன்னும் உறுதி. பிறகு கம்பியூட்டர், அம்ப், டேஷ்போர்ட் சப்ளை மூண்டையும் ஒரே மல்டி ப்ளக்ல குத்துங்க, கனக்க அதுலயே குறையும். மல்டி ப்ளக்குக்குள்ள உண்மையா மூண்டு வயர் போகுதா எண்டு பாருங்க, வெளியில மூண்டு ஓட்டை வச்சு உள்ளுக்க ரெண்டு வயரோட விக்கிற சாமான் நான் கனக்கக் கண்டிருக்கன். அதுக்கும் நிக்காட்டி ஓடியோ வயருக்கு நடுவுல போடுற ஐசோலேட்டர் இருக்கு, உள்ளுக்க சின்ன ட்ரான்ஸ்போமர்தான். மலிஞ்சது வாங்கினா ஹம் போகும், ஆனா அடி பேஸும் கொஞ்சம் போயிடும், ஷேக்கருக்கு அடி பேஸ்தான் உயிர், அதால கொஞ்சம் நல்லதா வாங்குங்க. அதோட சத்தத்தை சிம்ஹப்ல கூட்டி அம்ப்ல குறைச்சு வைக்கோணும், மாறி வச்சா இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும்.

மற்றக் கரைச்சல் எல்லாம் சின்னது, கெதியாச் சொல்லிடுறன். போர்ட்ல லைட் பத்துது ஆனா கம்பியூட்டருக்குத் தெரியல்ல எண்டா வயரை மாத்துங்க, போன் சார்ஜ் வயர் சிலதுல டேட்டா கம்பியே இருக்காது. ஆர்டுயினோ நானோ போர்ட் மலிஞ்சது எண்டா கம்பியூட்டர்ல சிஎச்340 ட்ரைவர் எண்ட சொப்ட்வெயர் போடோணும். ஆர்டுயினோ சொப்ட்வெயர்ல போர்ட் அனுப்புறதைக் காட்டுற சீரியல் ஜன்னலைத் திறந்து வச்சுக்கொண்டு சிம்ஹப்பைத் திறந்தா போர்ட் கிடைக்காது, ஒரு நேரத்துல ஒராள்தான் அதைப் பிடிக்கலாம். எஃப்1 கேம்ல டெலிமெட்ரியை, அதாவது கேம் வெளிய அனுப்புற கார் தகவலை, செட்டிங்ல போய்ப் போடோணும், அது போற வாசல் நம்பர் 20777. காசு கட்டாத சிம்ஹப் செக்கனுக்கு 10 தரம்தான் டேஷ்போர்டைப் புதுப்பிக்கும், கியர் நம்பர் பிந்தி வருது எண்டு போர்டைப் பழுது எண்டு எறியாதீங்க. பெடல்ல பூட்டுற சின்ன அதிர்வு மோட்டரை நேரா ஆர்டுயினோ போர்ட்ட பின்ல பூட்டினா அந்தப் பின் எரியும், நடுவுல மோட்டரை ஓட்டுற ட்ரைவர் போர்ட் ஒண்டு கட்டாயம்.

எங்கட ஊருக்கே உரிய ஒண்டும் இருக்கு. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, காத்துல உப்பு. குத்திவிட்ட ஜம்பர் வயர்ட முனை ஆறு மாசத்துல கறுத்துப் போகும். அதோட நாங்க வேணுமெண்டே ஆட்டுற சட்டத்துலதான் அதைக் கட்டியிருக்கம், ஷேக்கர் குலுக்கிக் குலுக்கி வயரைக் கழட்டும், பிறகு டேஷ்போர்ட் இண்டைக்கு வேலை செய்யும் நாளைக்கு செய்யாது. எல்லாத்தையும் சோல்டர் பண்ணி, ஷேக்கர் ஆணிக்கு ஸ்பிரிங் வாசர் போட்டு, சட்டத்துட காலுக்குக் கீழ பழைய ரயர் துண்டு வச்சா பக்கத்து வீட்டுக்காரரும் ராவைக்கு நிம்மதியாப் படுப்பாங்க.

ஐயா, உயர்தரத்துல தொழில்நுட்பப் பிரிவு 2013ல வந்தது, எங்கட மட்டக்களப்பு, அம்பாறைப் புள்ளையள் கனபேர் படிக்கிறாங்க. இந்தச் சாமானெல்லாம் வாறது இங்கிலீசுல எழுதின பேப்பரோட, புள்ளையள் படத்தைப் பார்த்துத்தான் பூட்டுறாங்க. உங்கட பத்திரிகையில கிழமைக்கு ஒரு சின்ன மூலை, தமிழ்ல, எதை எதோட பூட்டலாம் பூட்டக்கூடாது எண்டு போட்டா நானும் எனக்குத் தெரிஞ்சதை எழுதித் தருவன், காசு ஒண்டும் வேணாம்.

தாய் தகப்பனுக்கு ஒண்டு. புள்ள செய்த சாமானை ஏசாதீங்க. ப்ளக்கை மட்டும் கழட்டிப் பாருங்க, பச்சை மஞ்சள் வயர் பூட்டியிருக்கா எண்டு. ட்ரிப் சுவிட்ச்ல இருக்கிற டெஸ்ட் பட்டனை அமத்திப் பாருங்க, சுவிட்ச் விழாட்டி அண்டைக்கே எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க, வீட்டு ஏர்த்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க. அந்தப் பொடியன்ட ரெண்டு ப்ளக்கையும் நான் அண்டைக்கு ராவே பூட்டிக் குடுத்துட்டுத்தான் வந்தனான், ஹம்முக்கு மல்டி ப்ளக்கை மாத்தினம், கொஞ்சம் இன்னும் இருக்கு, ஐசோலேட்டருக்கு ஓடர் பண்ணியிருக்கான்.

இப்படிக்கு,
கல்லடியில இருந்து ஒரு சவுண்ட் செட்காரன்